வன்தட்டுக்கேற்ற கேஸ், கேஸுக்கேற்ற கார்டு

பழைய கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டை வெளியில் வைத்துப் பயன்படுத்த நினைப்பவர்களில் பலர், கடையில் முதலில் கேஸின், அதாவது வன்தட்டை உள்ளே பொருத்திக் கேபிள் வழியாகக் கணினியோடு இணைக்கும் பெட்டியின், விலையையே விசாரிக்கிறார்கள். அதற்கு முன் வன்தட்டின் லேபிளைப் படித்து, அதன் இணைப்பு முனையைக் கவனித்துவிட்டால் தவறான கேஸை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் பெரும்பாலும் வராது.

எல் வடிவத்தில் இரண்டு தட்டையான முனைகள் இருந்தால் அது சாட்டா வன்தட்டு. இரண்டு வரிசையாக ஊசிகள் நின்றால் அது பழைய ஐடிஇ வகை. மேசைக் கணினியுடையதில் 40 ஊசிகளும் மடிக்கணினியுடையதில் 44 ஊசிகளும் இருக்கும். ஐடிஇ வன்தட்டிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் ஒருமுறை நகலெடுப்பதுதான் நோக்கமென்றால், அதற்கென ஒரு கேஸைத் தேடி அலைய வேண்டாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் ஏற்கும் யுஎஸ்பி அடாப்டர் கேபிளே போதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அளவும் மின்சாரமும். 2.5 அங்குல வன்தட்டு 5 வோல்ட்டில் இயங்குவதால் பெரும்பாலும் யுஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் பெற்றுவிடும். 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட்டும் தேவை என்பதால் தனி மின் அடாப்டருடன் வரும் கேஸைத்தான் வாங்க வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தருவதாக வரையறுக்கப்பட்டுள்ளன. வன்தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் அது இழுக்கும் மின்சாரம் வழக்கத்தைவிட அதிகம். அப்போது போர்ட்டால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், அல்லது இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். இதைக் கேட்டு வன்தட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தூக்கியெறிவது வருத்தத்துக்குரியது. வேறு போர்ட்டிலும், நீளம் குறைந்த வேறு கேபிளிலும் சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். 2.5 அங்குல வகையில் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். 7 அல்லது 9.5 மில்லிமீட்டருக்கென்று செய்த கேஸில் 15 மில்லிமீட்டர் வன்தட்டு நுழையாது.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிப்பது எஸ்எஸ்டி. மெல்லிய பட்டை வடிவிலுள்ள எம்.2 எஸ்எஸ்டிகளில், கணினியோடு தகவல் பரிமாறும் முறையைப் பொறுத்து சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், ஒன்றுக்கென்று செய்த கேஸ் மற்றொன்றை அடையாளம் காணாது. முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஐயமிருந்தால் லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே நிச்சயமான வழி. என்விஎம்இ நன்றாகச் சூடேறும் என்பதால், வெப்பத்தைக் கடத்தும் அலுமினியக் கேஸ் நல்லது.

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டு வைத்திருப்பவர்கள், கேஸ் எவ்வளவு கொள்ளளவை ஏற்கும் என்பதை அதன் பெட்டியில் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய கேஸ்களில் உள்ள சிப், 512 பைட் கொண்ட செக்டர்களை (வன்தட்டு தகவலைப் பிரித்து வைக்கும் சிறு பகுதிகளை) 32 பிட் எண்ணால் மட்டுமே குறிக்க வல்லது. அந்தக் கணக்கு ஏறத்தாழ 2.2 டெராபைட்டோடு முடிந்துவிடும். சில கேஸ்கள் இந்த வரம்பைத் தாண்டுவதற்காகச் செக்டரை 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. அத்தகைய கேஸில் ஃபார்மட் செய்த வன்தட்டை வேறு கேஸுக்கோ நேரடிச் சாட்டா இணைப்புக்கோ மாற்றினால், உள்ளே கோப்புகள் அப்படியே இருந்தும் அது காலியானதுபோல் தோன்றும். அப்போது ஃபார்மட் செய்யும்படி விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காமல், மீண்டும் பழைய கேஸிலேயே பொருத்திக் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

கணினியில் யுஎஸ்பி 2.0 மட்டுமே இருந்தால் எவ்வளவு நல்ல கேஸும் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வேகத்தையே தரும், இன்றைய 3.5 அங்குல வன்தட்டோ 150 மெகாபைட்டுக்கு மேல் தர வல்லது. மேசைக் கணினியாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் யுஎஸ்பி 3.0 கார்டு இந்தக் குறையைப் போக்கும். ஆனால் மதர்போர்டின் ஸ்லாட் எந்தத் தலைமுறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய கார்டு செருகும் சிறிய எக்ஸ்1 ஸ்லாட்டின் உச்ச வரம்பு முதல் தலைமுறையில் நொடிக்கு 250 மெகாபைட், இரண்டாம் தலைமுறையில் 500 மெகாபைட். கார்டில் நான்கு போர்ட்டுகள் இருந்தாலும் அவை இந்த ஒரே பாதையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வன்தட்டுக்கு முதல் தலைமுறையே தாங்கும். எஸ்எஸ்டியின் முழு வேகத்துக்குப் போதாது. பழைய பிசிஐ ஸ்லாட்டின் வரம்பு 133 மெகாபைட்தான் என்பதால் அதற்கான கார்டில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்டு வாங்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியிலிருந்து) நேரடியாக மின்சாரம் பெறும் இணைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மின் அடாப்டர் இல்லாத 2.5 அங்குல வன்தட்டுகளுக்கு அது மிகவும் உதவும். கேபினெட் ஒல்லியானதென்றால் கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் உலோகத் தகடான பிராக்கெட்டில் குட்டையானதும் சேர்ந்து வர வேண்டும். விண்டோஸ் 8 முதல் யுஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 7 பயன்படுத்துபவர்கள் கார்டில் உள்ள சிப்புக்கான டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும்.

இரண்டு வன்தட்டுகளை ஏற்கும் இசாட்டா (வெளிக் கருவிகளுக்கான சாட்டா இணைப்பு) கேஸ் வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஒரே கேபிளில் இரண்டும் தெரிவதற்குக் ஒரே போர்ட்டில் பல வன்தட்டுகளைக் கையாளும் போர்ட் மல்டிப்ளையர் வசதி கணினியின் பக்கமும் இருக்க வேண்டும். பல மதர்போர்டுகளில் அது இல்லாததால் முதல் வன்தட்டு மட்டுமே தெரியும். இந்த வசதி உள்ள இசாட்டா கார்டை வாங்கலாம், அல்லது யுஎஸ்பி இணைப்பும் சேர்ந்து வரும் கேஸைத் தேர்ந்தெடுக்கலாம்.