டேக்-ஆஃப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மத்தியானம் இரண்டு மணி. என்னிடம் பறக்கக் கற்ற மாணவர் ஒருவர் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் டேங்க் முழுக்க எரிபொருள் நிரப்பி, நண்பர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டாயா என்று கேட்டேன். "ரன்வே நீளம்தானே சார், எழும்பிடும்" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

கதவைச் சரியாகப் பூட்டாதது, வேகம் அளக்கும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்ற மறந்தது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படித்தாலே அவை தீர்ந்துவிடும்.

வெயிலையும் உயரத்தையும் கணக்கில் எடுக்காமல் கிளம்புவது

நான் கடலோரத் தளத்தில் பறக்கக் கற்றவன். ஒரு ஏப்ரலில், 3,000 அடி உயர மேட்டு நிலத்தில் இருந்த ஒரு தளத்திலிருந்து முதல்முறையாகக் கிளம்பினேன். மூன்று பேர், முழு டேங்க், 34 டிகிரி வெயில். எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் விமானம் சோம்பலாகத்தான் ஓடியது. ஆனால் ரன்வே விளக்குகள் சரசரவென்று பின்னால் போனதால் வேகம் வந்துவிட்டதென்று நம்பி, 50 நாட் வேகத்திலேயே மூக்கைத் தூக்க கன்ட்ரோலை இழுத்துவிட்டேன். சக்கரம் தரையை விட்டது. பத்தடி உயரத்தில் அப்படியே தொங்கியது, ஏறவில்லை. ஸ்டால் எச்சரிக்கை, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்ற ஒலி, கத்த ஆரம்பித்தது. எதிரே முள்வேலி. என் கை இன்னும் இழுக்கத்தான் பார்த்தது. பக்கத்தில் இருந்த மூத்த விமானி என் கையைத் தட்டிவிட்டு மூக்கை இறக்கினார். வேகம் கூடியது, வேலியைத் தாண்டினோம். அவர் இல்லையென்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். கடல் மட்டத்தில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் தர வெப்பம் 15 டிகிரி. ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 2 டிகிரி குறையும். அப்படிப் பார்த்தால் 3,000 அடியில் 9 டிகிரிதான் இருக்க வேண்டும். அன்று 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு சுமார் 120 அடி வீதம் இன்னொரு 3,000 அடி கூடிவிடுகிறது. அதாவது விமானத்தைப் பொறுத்தவரை நாங்கள் 6,000 அடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தோம். எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுக்குமே காற்று போதவில்லை. மெலிந்த காற்றில் மானி காட்டுவதைவிட நிஜ வேகம் அதிகம். விளக்குகள் என்னை ஏமாற்றியது அதனால்தான். அப்புறம், தரையை ஒட்டி, ஏறத்தாழ இறக்கையின் நீள அளவு உயரத்துக்குள், இழுவை குறைவு. அந்தத் தயவில் எழும்பும் விமானம் மேலே போகப் போகத் திணறும்.

அமெரிக்காவின் ஷயான் நகரில் 1996 ஏப்ரல் 11 அன்று விழுந்த செஸ்னா 177-ஐ மாணவர்களிடம் கட்டாயம் சொல்வேன். ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, அவள் அப்பா, பயிற்றுநர் மூவரும் இறந்தார்கள். முந்தின நாள் கடலோர ஹாஃப் மூன் பேயில் கிளம்பியவர்கள் அவர்கள். ஷயான் தளமோ 6,000 அடிக்கு மேல். விமானத்தில் 96 பவுண்டு அதிக எடை. இடிமழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வானிலையில் கிளம்ப முடிவெடுத்ததையும், எடையையும், பழக்கமில்லாத அந்த உயரத்தையும், வேகம் குறைந்து ஸ்டால் ஆனதையும் சேர்த்தே விசாரணை காரணமாகச் சொன்னது. 96 பவுண்டு என்பது 44 கிலோகூட இல்லை.

கையேட்டில் டேக்-ஆஃப் தூர அட்டவணை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அதைப் பார்க்காமல் வருபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அட்டவணைக்கு மேல் தாராளமாகக் கூடுதல் தூரம் வையுங்கள். பாதி ரன்வேயில் ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எழும்பும் வேகத்தில் 70 சதவீதம், 55 நாட் என்றால் 39, அங்கே வரவில்லையா, த்ராட்டிலை மூடி பிரேக் போடுங்கள். இந்த முடிவைத் தரையில் நிற்கும்போதே எடுத்திருக்க வேண்டும். ஓடும்போது மனசு விடாது.

மிக்ஸ்சரை (காற்று-எரிபொருள் கலவையை) முழு ரிச்சில் விடுவது

உயரமான தளத்தில் கையேடு சொல்கிறபடி லீன் செய்யுங்கள், அதாவது கலவையில் எரிபொருளைக் குறையுங்கள்.

பின்காற்றில் கிளம்புவது

காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழலான விண்ட்சாக்கைப் பாருங்கள்.

எஞ்சின் நின்றதும் ரன்வேக்குத் திரும்புவது

தாழ்வான உயரத்தில் வேண்டவே வேண்டாம். மூக்கை இறக்கி, முன்னால் தெரியும் இடத்தில் இறங்குங்கள்.

அந்த மாணவரை அன்று விடவில்லை. இருவரும் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தோம். மறுநாள் காலை ஆறரைக்கு, 19 டிகிரியில், நண்பர் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி ரன்வே அடையாளம் வருவதற்குள் சக்கரம் தரையை விட்டிருந்தது.