மீன் விடுவதற்கு முன் தொட்டியைப் பழக்குவது எப்படி?

தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் வைத்து அலசு அலசென்று அலசினேன். நான்காம் நாள் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் இரண்டு மிதந்தன. தண்ணீரில் ஒரு தூசி இல்லை. இருந்தது அமோனியா.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கொஞ்சம் இருந்தாலே விஷம். நைட்ரேட் அதிகம் சேர்ந்தால்தான் தொல்லை. இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பான்ஜிலும் மணலிலும் ஒட்டியிருக்கும். நான் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டது அதைத்தான்.

சரி, முதலில் இருந்து வருவோம். தொட்டியைப் பழக்குவது என்றால் இந்தப் பாக்டீரியாவை மீன் வருவதற்கு முன்பே வளர்த்துவிடுவது.

தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓட விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். ஒரு நாள் திறந்து வைத்தால் போதும் என்பார்கள். குளோரின் போய்விடும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது.

மீன் இன்னும் வேண்டாம். வாசனைப் பொருளோ சோப்போ சேர்க்காத சுத்தமான அமோனியாக் கரைசலை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடலாம், கொஞ்சம் நாறும்.

இனி சோதனை. காகிதப் பட்டை எனக்குப் பிடிக்காது. நிறம் எதைச் சொல்கிறது என்றே புரியாது. தண்ணீரில் சொட்டு விட்டுச் சோதிக்கும் கிட் வாங்குங்கள். நான் வழுக்கிய இடம் இதில்தான். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது பாட்டிலின் அடியில் பொடி படிந்துவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் விட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டும். நான் குலுக்கவில்லை. இரண்டு வாரம் 'இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே' என்று உட்கார்ந்திருந்தேன்.

அமோனியா குறையும், நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். குறையக் குறைய அமோனியாவைத் திரும்ப விட்டுக்கொண்டிருங்கள், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. விட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டு அளவிலும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு, மீன்களைச் சில சிலவாக விடுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழியுங்கள். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பின்சேர்க்கை: நைட்ரைட் வாரக்கணக்கில் அசையவில்லை என்று சிலர் கேட்டார்கள். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பாருங்கள், 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா சோர்ந்துவிடும். மீனை ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் தீனியைக் குறைத்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை தினமும் சோதித்துப் பாருங்கள். எது ஏறினாலும் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீராக.