புல்லட் பெண்ட் பைப்பில் பெயின்ட் நின்ற விதம்

பழைய புல்லட்டின் பெண்ட் பைப்புக்கு (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) 600 டிகிரி தாங்கும் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்தால், சில சவாரிகளிலேயே செதில் செதிலாக உரிந்தது. வேறு பெயின்ட் வாங்கினேன், பயனில்லை. மெக்கானிக் சொன்ன ரெட் ஆக்ஸைடு அடிப்பூச்சு சூட்டில் கருகி, மேல்பூச்சையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

விழுந்த செதிலைத் திருப்பிப் பார்த்ததும் விஷயம் விளங்கியது: அடிப்பக்கம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. பைப்பின் மேலிருந்த வழுவழுப்பான குரோம் முலாமில் பெயின்டுக்குப் பிடிமானமே இல்லை.

120ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, தின்னரால் துடைத்தேன். அதன்பின் வெறுங்கை படக்கூடாது. விரல் பிசுக்கு பட்ட இடம் தனியாக உரியும். மெல்லிய பூச்சுகளாக அடித்தேன்.

இந்தப் பெயின்ட் சூட்டில்தான் இறுகும். இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டினேன். முதல் சூட்டில் புகை வரும், இயல்புதான், திறந்தவெளியில் செய்யுங்கள். மழையில் நனைந்தும் இன்னும் உரியவில்லை, அப்பாடா!