துலாம்பன் கப்பலில் டைவ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் உள்ள துலாம்பனில், கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம் லிபர்டி கப்பலை. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி, இழுத்து வந்து இங்கே கரையேற்றப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் இது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. படகே வேண்டாம் என்பதால் பலர் அசட்டையாக இறங்குகிறார்கள்.

முதல் அடி கரையிலேயே விழும். மணல் இல்லை, உருளும் கற்கள். ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டிக்கொண்டு அதன்மேல் நடக்காதீர்கள். பூட்ஸோடு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் ஃபின்னை மாட்டுங்கள். மாஸ்க், ரெகுலேட்டர் (வாயில் வைக்கும் மூச்சுக்கருவி), பி.சி.டி.யில் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) காற்று எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் நின்று வாரை இறுக்குவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. திரும்பும்போது நிற்க முடியவில்லையா? தவழ்ந்தே ஏறுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆழம் குறைவு என்றால் சுலபம் என்று நினைப்பது அடுத்த தவறு. உண்மையில் உடல் மிதப்பதைக் கட்டுப்படுத்துவது மேல்மட்டத்தில்தான் கடினம். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அழுத்தம் பாதியாகிவிடும், பி.சி.டி.யில் உள்ள காற்று இரு மடங்காக விரியும். போதாததற்கு, டைவ் முடியும்போது காற்று தீர்ந்து சிலிண்டரும் 2 கிலோ அளவுக்கு இலேசாகியிருக்கும். அதனால் உடலோடு கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளின் எடையைக் கிட்டத்தட்டக் காலியான சிலிண்டரை வைத்தே சரிபாருங்கள். இல்லையென்றால் கடைசியில் பிடிமானத்துக்குப் பவளத்தைத்தான் பற்றுவீர்கள். அங்கே தேள்மீன் இரும்போடு இரும்பாகப் படுத்திருக்கும், முள் குத்தினால் வலி தாங்காது.

பத்து மணிக்குப் போனால் மீனைவிட மனிதர்களே அதிகம். விடியலில் இறங்குங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கப்பலுக்குள் தூங்கி எழும் நேரம் அது. முகத்தில் டார்ச் அடித்தால் கலைந்துவிடும். சிதைந்த அறைகளுக்குள் வெளிச்சம் தெரிகிறதே என்று பயிற்சியின்றி நுழைவதும் வேண்டாம்.

அப்புறம், பல டைவ்களுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்களாகலாம் என்பதுதான் காரணம். மலை ஏறினாலும் அதே ஆபத்துதான், ஆனால் கிந்தாமணி மலைச்சாலையை மறந்துவிடுவார்கள். 1,500 மீட்டரை ஒட்டி ஏறும் அந்த வழியில் உபுது நகருக்குப் போகாமல், ஓட்டுநரிடம் அம்லாபுரா வழியாகப் போகச் சொல்லுங்கள்.