வசனக் கணக்கைச் சமன்பாடாக்குவது எப்படி? ஒரு தயிர்ச்சட்டிக் கணக்கோடு

தரம் 8 பிள்ளையிடம் 5ச + 300 = 2300 என்று கொடுத்தால் கடகடவென்று தீர்த்துவிடும். அதையே நாலு வரி வசனமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடும். "சேர், எங்க தொடங்குறது?" மட்டக்களப்பில் கணித வகுப்பு எடுக்கிற எல்லாருக்கும் பழகிய கேள்வி இது. அடைப்பு நீக்குவது, பக்கம் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முந்திய வேலையை மட்டும் சொல்கிறேன்.

கணக்கு இதுதான்: சிறிய தயிர்ச்சட்டியை விடப் பெரிய சட்டி 150 ரூபா அதிகம். 2 பெரிய சட்டியும் 3 சிறிய சட்டியும் வாங்க 2300 ரூபா முடிந்தது. ஒவ்வொன்றின் விலை என்ன?

படி 1. கடைசி வரியை முதலில் வாசியுங்கள். கேட்பது விலை, சட்டிகளின் எண்ணிக்கை அல்ல.

படி 2. எழுத்து எதைக் குறிக்கிறது என்று முழு வசனமாக எழுதுங்கள். "ச = சிறிய சட்டி" என்று எழுத நான் விடுவதில்லை. "ஒரு சிறிய சட்டியின் விலை ச ரூபா" என்று எழுத வேண்டும். சட்டி ஒரு பொருள், ச ஓர் எண்.

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு வட்டையில் (வயல்வெளியில்) நெல் பிரிக்கிறார்கள். முல்லைக்காரருக்கு (வயலில் வேலை செய்பவருக்கு) கிடைத்ததைப் போல 3 மடங்கு மூடை போடியாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு). உடனே 3ப = ம என்று எழுதிவிடுவார்கள். ப போடியார், ம முல்லைக்காரர், 'மூன்று போடியார்' என்று ஓடுகிறது மனம். முல்லைக்காரருக்கு 10 மூடை என்றால் போடியாருக்கு 30. அதைப் போட்டுப் பாருங்கள்: 3 × 30 = 10 வருமா? வராது. ப = 3ம என்பதே சரி. பிள்ளைகளை ஏச வேண்டாம். 1981இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதே மாதிரிக் கணக்கைப் பொறியியல் மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பிழையாக எழுதியிருந்தார்கள்.

படி 3. மற்றதையும் அதே எழுத்தால் எழுதுங்கள். பெரிய சட்டி (ச + 150) ரூபா. அடைப்புக்குறியை இப்போதே போட்டுவிடுங்கள்.

படி 4. 2(ச + 150) + 3ச = 2300. அப்புறம் 5ச + 300 = 2300, ச = 400. பெரியது 550.

படி 5. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாது, கதையில் போட்டுப் பாருங்கள். அடைப்பை விட்டவர் 2ச + 150 + 3ச = 2300 என்று எழுதி ச = 430 எடுப்பார். அதை அவருடைய சமன்பாட்டில் போட்டால் 2300 சரியாக வரும்! கடையில் போட்டுப் பாருங்கள்: பெரியது 580, இரண்டுக்கு 1160, சிறியது மூன்றுக்கு 1290, மொத்தம் 2450. பிழை அங்கேதான் பிடிபடும். நம்முடைய விடைக்கு 1100 + 1200 = 2300.

பழகுவதற்குச் சதுரக் கொப்பியும் பென்சிலும் போதும். கணக்குகளுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலே நல்லது. அதை முடிக்காமல் கடையில் பயிற்சிப் புத்தகம் வாங்காதீர்கள். படம் எடுத்தால் விடை தரும் செயலிகளை இந்தப் பாடம் முடியும்வரை தொடவே வேண்டாம். பிள்ளை பழக வேண்டிய 2ஆம், 3ஆம் படிகளை அவை பறித்துவிடும்.

பின்சேர்க்கை: பெரிய சட்டியின் விலையை எழுத்தாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. 2ப + 3(ப − 150) = 2300, ப = 550. கழித்தல் வருவதால் குறி பிழைக்க வாய்ப்புக் கூட. அதனால்தான் நான் சிறியதை எடுக்கிறேன்.

இன்னொன்று: கல்முனையிலிருந்து ஒரு தாய் வயதுக் கணக்கு அனுப்பியிருந்தார். தாயின் வயது மகளின் வயதைப் போல 3 மடங்கு. 12 வருடங்களின் பின் 2 மடங்கு. அவருடைய மகள், கணக்கில் வரும் மகளின் வயதை ம என்று எடுத்து, 3ம = 2(ம + 12) என்று எழுதி, தாய்க்கு 72 வயது எடுத்திருக்கிறா. மகளுக்கு மட்டும் 12 வருடம் போயிருக்கிறது, தாய்க்குப் போகவில்லை. வயதுக் கணக்கென்றால் 'இப்போது', 'பின்' என்று இரண்டு நிரல் கீறி, இரண்டு பேரையும் இரண்டு நிரலிலும் எழுதுங்கள்: மகள் ம, ம + 12, தாய் 3ம, 3ம + 12. இனி 3ம + 12 = 2(ம + 12). மகளுக்கு 12, தாய்க்கு 36.