அடுக்குமாடி வீட்டில் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பைப் பயன்படுத்தும் முறை: தமிழ்நாட்டு நடைமுறை

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும், வாங்கிய பிறகு எழும் பொதுவிவகாரங்களுக்கு 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் துணை நிற்கின்றன. முதலாவதை ‘ரெரா’ என்ற பெயரில் பலரும் அறிவார்கள். மற்ற இரண்டையும் தகராறு முற்றிய பிறகே பெரும்பாலோர் கேள்விப்படுகிறார்கள். இச்சட்டங்கள் தரும் உரிமைகளில் பல, உரிய காலத்தில் எழுதி வாங்கிய அல்லது எழுதிக் கொடுத்த ஒரு தாளை நம்பியே நிற்பதால், எந்தக் கட்டத்தில் எந்தத் தாள் வேண்டும் என்ற வரிசையில் இதைப் பார்ப்போம்.

முன்பணம் கொடுக்கும் முன்

விளம்பரத்தில் காணும் ரெரா பதிவு எண்ணை, அச்சட்டத்தைச் செயல்படுத்தும் ஆணையத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், அனுமதி பெற்ற வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, பணியை முடிப்பதாகக் கட்டுநர் உறுதியளித்த தேதி ஆகியவை கிடைக்கும். அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைப்பது நல்லது. மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. அத்தகைய சிறு கட்டடங்களில் வாங்குபவர் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பதில் இரட்டிப்பு கவனம் காட்ட வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்று ரெராவின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘இந்த வாரத்துக்குள் 20 சதவீதம் கட்டினால்தான் இந்த விலை’ என்ற பேச்சு வந்தால், இந்தப் பிரிவைச் சுட்டி மின்னஞ்சலில் பதில் கேட்டாலே போதும், பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். விலை எந்தப் பரப்புக்கு என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சட்டம் ஏற்பது சுவர்களுக்குள் உண்மையில் பயன்படும் கார்பெட் ஏரியாவையே அன்றி, படிக்கட்டையும் லிப்டையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்அப் கணக்கை அல்ல. நிலத்தில் கிடைக்கும் பிரிக்கப்படாத பங்கு (யுடிஎஸ்) எத்தனை சதுர அடி என்பதையும் எண்ணாகவே எழுதச் செய்யுங்கள். நாளை கட்டடம் இடிக்கப்பட்டால் உங்கள் கையில் மிஞ்சும் சொத்து அதுதான்.

சாவி வாங்கும் நாளும் அடுத்த ஐந்து ஆண்டுகளும்

குறித்த தேதியில் வீடு தராவிட்டால், திட்டத்திலிருந்து விலகிக் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவோ, விலகாமல் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறவோ ரெராவின் 18ஆம் பிரிவு வழி செய்கிறது. இரண்டில் எது என்பதைத் தேர்வு செய்பவர் வாங்கியவரே, கட்டுநர் அல்ல. ரெரா சட்டம் இருப்பதாலேயே நுகர்வோர் நீதிமன்ற வழி அடைபட்டுவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டு இடங்களிலும் ஓட்டுவது பயன் தராது.

வீடு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து கட்டுநரிடம் முறையிட்டால், 30 நாட்களுக்குள் அவர் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் (14ஆம் பிரிவு). ஆகவே சாவி வாங்கும்போதே குளியலறைத் தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டு, கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் படர்கிறதா என்று பாருங்கள். தரை ஓடுகளை நாணயத்தால் தட்டினால் உள்ளே வெற்றிடம் உள்ள ஓடு தனி ஒலி தரும். கண்ட குறைகளைத் தேதியிட்ட படங்களுடன் பட்டியலாக்கி, மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். தள மேலாளரிடம் வாய்வழியாகச் சொன்ன புகாருக்கு 30 நாள் கணக்கை நிறுவுவது கடினம்.

பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் சங்கம் அமைய ரெரா வழிவகுக்கிறது. 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, 2022ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், சங்கத்தின் பதிவையும் கடமைகளையும் விரிவாகச் சொல்வதோடு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவும் இடமளிக்கிறது. சங்கத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு: வளர்ப்பு நாய்களை முற்றிலும் தடை செய்யவோ லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். திறந்தவெளி வாகன நிறுத்துமிடம் பொதுவிடம் என்பதால், அதைத் தனியாக விலைக்கு விற்கும் உரிமை கட்டுநருக்கு இல்லை. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்குபவர், பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கத்திடம் கடிதம் பெறாமல் கிரயம் முடிக்கக் கூடாது.

வாடகைக்கு வருபவர்

பதினொரு மாத ஒப்பந்தம் எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை 2019 பிப்ரவரி 22 முதல் செல்லாது. அன்று நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் (இச்சட்டப்படி அரசு நியமித்த அதிகாரி) பதிவு செய்யவும் வேண்டும். இதற்கென அரசு இணையதளம் உண்டு. இதில் வாடகைதாரர்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும், ஏனெனில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமையே வெளியேற்றக் கோருவதற்கான ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு மாத வாடகைப் பாக்கியை அறிவிப்புக்குப் பின்னும் செலுத்தாதது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது போன்றவை மற்ற காரணங்கள். எந்தக் காரணமானாலும் வெளியேற்றும் ஆணையை வாடகை நீதிமன்றம்தான் பிறப்பிக்கும். பூட்டை மாற்றுவதற்கு உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை.

தகராறு வந்தால் முதலில் துண்டிக்கப்படுவது பெரும்பாலும் தண்ணீர் அல்லது மின்சாரம்தான். அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் நேராகவோ வேறு ஒருவர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்பது சட்டம். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, விசாரணை முடியும் முன்பே சேவையை மீட்கும் இடைக்கால உத்தரவு பெறலாம். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் ‘தரவில்லை’ என்ற பழி உங்கள் மேல் விழும் முன், பணத்தை மணியார்டரில் அனுப்பி, அதுவும் ஏற்கப்படாவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

முன்பணத்தைப் பொறுத்தவரை மூன்று மாத வாடகை என்பதே சட்டம் சொல்லும் அளவு. ஆனால் ‘வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில்’ என்ற சொற்கள் அதில் இருப்பதால், பத்து மாத அட்வான்சுக்குக் கையெழுத்திட்டவர் பின்னர் அந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவது கடினம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். குடிவந்த அன்று சுவர், குழாய், மின்மீட்டர் ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பியிருந்தால் வெள்ளையடிப்புச் செலவைப் பற்றிய சண்டை பாதியாகக் குறையும். காலி செய்யும் நாளில், சாவியைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒரு மாதக் கெடுவை அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம்.