குளிர்தான் கொன்றது என்று எழுதும் முன்

வட அமெரிக்காவில் முதலில் குடியேறிய ஐரோப்பியர்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் காணொளி போடுபவர்களும் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கப்பலில் வந்தார்கள், குளிர் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, பனியில் செத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரிக் கதைக்குள் பல தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் தவறு, அவர்களை எதுவும் தெரியாமல் வந்தவர்களாகக் காட்டுவது. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே மாதிரித் தட்பவெப்பம் இருக்கும் என்பது பண்டைய கிரேக்கர் காலத்திலிருந்து வந்த பாடம். ஐரோப்பாவின் மேற்குக் கரையோரம் வாழ்பவர்களுக்கு அதைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. அந்தக் கணக்கை வைத்து வரைபடத்தைப் பாருங்கள். கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் லண்டனுக்கு மட்டுமல்ல, பாரிஸுக்கும் தெற்கே இருக்கிறது. பாஸ்டன் ஏறக்குறைய ரோமின் அட்சரேகையில். ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் ஸ்பெயினின் செவில் நகரத்துக்கு நேரே. அப்புறம் ஏன் அங்கே பட்டும் ஆலிவும் திராட்சை மதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள்? டொரோண்டோவில் உறவினர் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும், அங்கே பனி எப்படிக் கொட்டும் என்று. அந்த டொரோண்டோ இத்தாலியின் ஃபுளோரன்ஸ் இருக்கும் அட்சரேகையில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு நம்பப்பட்டது என்பதற்கு ஜார்ஜ் கால்வர்ட் நல்ல உதாரணம். இங்கிலாந்து அரசரின் அமைச்சராக இருந்தவர், பின்னாளில் பால்டிமோர் பிரபு. நியூஃபவுண்ட்லாந்தின் ஃபெரிலாண்டில் 1621 முதல் ஆட்களை வைத்துக் குடியிருப்பு கட்டினார். அங்கிருந்த அவருடைய நிர்வாகி எட்வர்ட் வின், கோதுமையும் பார்லியும் நன்றாக வளர்கின்றன என்று நம்பிக்கையூட்டும் கடிதங்களை அனுப்பினார். கால்வர்ட் 1628-இல் குடும்பத்தோடு அங்கே குடிபோனார். ஒரே ஒரு குளிர்காலம்தான் தங்கினார். அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை நிலமெங்கும் குளிர்காலத்தின் சோக முகம்தான் என்று 1629 ஆகஸ்டில் அரசருக்கு எழுதினார். நூறு பேரில் ஒரே சமயத்தில் ஐம்பது பேர் நோயில் படுத்தார்கள், அவரும் படுத்தார், ஒன்பது பத்துப் பேர் இறந்தார்கள், வீடே மருத்துவமனையாகிப் போனது. அவர் தெற்கே செசபீக் விரிகுடாப் பக்கம் நிலம் கேட்டார். அவர் இறந்தபின் மகனுக்குக் கிடைத்த அந்த நிலம்தான் மேரிலாந்து. ஒரு மாகாணமே இப்படிப் பிறந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு அவரை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையில் இருந்த சிறந்த அறிவை நம்பிப் பணத்தையும் குடும்பத்தையும் கொண்டுவந்து இறக்கியவர் அவர்.

சரி, கணக்கு ஏன் பொய்த்தது? இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. "வளைகுடா நீரோட்டம் (அட்லாண்டிக் கடலில் வடகிழக்காக ஓடும் வெந்நீரோட்டம்) ஐரோப்பாவைச் சூடாக்குகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. இந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மேற்கு ஐரோப்பாவுக்குக் கடலைத் தாண்டி வரும் காற்று கிடைக்கிறது. கடல் கோடையில் சேர்த்த வெப்பத்தைக் குளிர்காலம் முழுக்க மெல்ல விடுவதால் அங்கே குளிரும் மிதம், வெயிலும் மிதம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கோ ஒரு பெரிய கண்டத்தைக் கடந்த காற்று வருகிறது. நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். ராக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காகக் கிடப்பதால் ஆர்க்டிக் குளிர்காற்று தெற்கே இறங்கத் தடையும் இல்லை. இதனால்தான் அங்கே குளிர்காலம் கடுமை, கோடையும் கடுமை. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். குடியேறியவர்கள் வெயிலையும் புழுக்கத்தையும் கண்டு திகைத்ததும் பதிவாகியிருக்கிறது. வர்ஜீனியாவுக்குப் புதிதாக வருபவர் முதல் கோடையைத் தாண்டுவாரா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

குளிர் வழக்கத்தைவிடக் கூடியிருந்த அந்தச் சில நூற்றாண்டுகளைச் சிறு பனிக்காலம் என்று அழைக்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவுக்கு மட்டும் வந்தது போல எழுதக் கூடாது. 1607-08 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுன்காரர்கள் நடுங்கியபோது லண்டனில் தேம்ஸ் நதியும் உறைந்துதான் கிடந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எல்லா மரணத்தையும் குளிரின் கணக்கில் எழுதுவது. ஜேம்ஸ்டவுனையே எடுத்துக்கொள்வோம். 1607 மே மாதம் வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய 104 பேர். அடுத்த ஜனவரியில் உயிரோடு இருந்தவர்கள் 38 பேர். இடையில் யார் எப்போது செத்தார்கள் என்று அவர்களில் ஒருவரான ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்த பட்டியலைப் பார்த்தால், சாவு வரிசையாக விழத் தொடங்குவது ஆகஸ்டில். குடிநீர் ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள். கடல் ஏற்றத்தின்போது அது உப்பு, வற்றும்போது சேறு. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொன்றன. மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துப் பழைய மழையளவைக் கணிக்கும் ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்து இதற்குப் பின்னணி தந்தது. வர்ஜீனியாப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின்படி, 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள் 770 ஆண்டுகளிலேயே மிக வறண்டவை. மழை பொய்த்தால் ஆற்றில் உப்பு ஏறும். பக்கத்தில் இருந்த பவ்ஹாட்டன் மக்களுக்கும் சோளம் குறையும். தங்களுக்கே போதாத தானியத்தைப் புதியவர்கள் துப்பாக்கியோடு வந்து கேட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? 1609-10 குளிர்காலத்தின் பெரும் பட்டினியை, பவ்ஹாட்டன் மக்கள் போட்ட முற்றுகையையும் வறட்சியையும் சேர்க்காமல் விளக்கவே முடியாது.

இன்றைய மாசசூசெட்ஸில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியிருப்பும் அப்படித்தான். 1620-21 குளிர்காலத்தில் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் இறந்தார்கள். ஆனால் அந்தக் குளிர்காலம் மிதமானது, அப்புறம் அப்படி ஒன்று வரவே இல்லை என்று பக்கத்து மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் டட்லி 1631-இல் எழுதியிருக்கிறார். தாமதமாக வந்தது, வீடு இல்லாதது, கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்தது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் ஆகியவைதான் கொன்றன. இன்னும் முன்னால் போனால், 1559-இல் ஸ்பானியரான டிரிஸ்டன் டி லூனா ஏறக்குறைய 1,500 பேரோடு இன்றைய ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் இறங்கினார். அந்த செப்டம்பரில் வந்த சூறாவளி, உணவுப் பொருள்களை இன்னும் இறக்காமல் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. மிஞ்சியவர்கள் பசியில் வாடினார்கள்.

பூர்வகுடிகளின் உடல் குளிருக்குப் பழகியது, அதனால் தாங்கினார்கள் என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் இருந்தது அறிவு. எந்தப் பருவத்தில் கரையோரம், எந்தப் பருவத்தில் காடு சூழ்ந்த உள்நாடு, எதை எப்போது உலர்த்திச் சேமிப்பது என்ற அறிவு. 1604-இல் பிரெஞ்சுக்காரர்களான பியர் துகுவா தெ மோனும் ஷாம்ப்ளேனும் 79 பேராக, இன்றைய அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள செயின்ட் குரோய் ஆற்றுத் தீவில் தங்கினார்கள். பிரான்சின் போர்தோ நகரத்தின் அட்சரேகைதான். முதல் பனி விழுந்தது அக்டோபர் 6. ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகள் வழியை அடைத்ததால் கரையிலிருந்து விறகும் தண்ணீரும் கொண்டுவர முடியவில்லை. ஆப்பிள் மது உறைந்துபோய், அதை எடைபோட்டுக் கொடுத்தார்கள். 35 பேர் ஸ்கர்வியில் இறந்தார்கள். 1969-இல் தோண்டி எடுத்த எலும்புகளிலும் அந்த நோயின் தடயம் இருந்தது. மார்ச்சில் பூர்வகுடிகள் வேட்டை இறைச்சி கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இதில் மனதை உறுத்துவது, மருந்து எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டப்பட்டிருந்தது என்பதுதான். 1535-36 குளிர்காலத்தில் இன்றைய கியூபெக் அருகே பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியேயின் ஆட்கள் 25 பேர் இறந்தபோது, இரோகுவா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த ஊர் பூர்வகுடி டொமகாயா 'அனெத்தா' என்ற ஊசியிலை மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள். ஷாம்ப்ளேன் காலத்தில் அந்த மரம் எது என்றே தெரியாமல் போயிருந்தது. சொல்லிக்கொடுத்த டொமகாயாவையும் மற்றவர்களையும் கார்த்தியே பிரான்சுக்குக் கடத்திக்கொண்டு போனார். டொமகாயா ஊர் திரும்பவே இல்லை. இதைச் சொல்லாமல் குளிரை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

ஆதாரங்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று முதலில் பாருங்கள். முதலீட்டாளர்களை ஈர்க்க எழுதியவர் குளிரைக் குறைத்துச் சொல்வார், தோற்றுத் திரும்பியவர் கூட்டிச் சொல்வார். வெப்பமானி யாரிடமும் இல்லாததால் எல்லாமே ஊர் நினைவோடு செய்த ஒப்பீடுதான். காட்டை வெட்டியதால் குளிர் குறைந்துவிட்டது என்று பிற்காலத்தில் பலர் நம்பினார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனே தட்பவெப்பம் மிதமாகி வருவதாக எழுதினார், அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 1799-இல் அதை மறுத்தார்.

இன்னொன்று நாள்காட்டி. பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே கிரிகோரியன் முறைக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் முறையில் இருந்தார்கள், பதினேழாம் நூற்றாண்டில் பத்து நாள் பின்னால். ஷாம்ப்ளேன் பனி பார்த்த அக்டோபர் 6, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 26. ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் என்பதால், ஜேம்ஸ்டவுன் ஆவணத்தில் 'ஜனவரி 1607' என்று இருந்தால் அது நம் கணக்கில் 1608. இதைத் திருத்தாமல் இரண்டு குடியிருப்புகளின் முதல் பனியை ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.